பட்டாம்பாக்கம் டு பிச்சாவரம்... ஒரு சேத்துப் பயணம்!

“டேய், நீ என்னமோ சேறு படிக்கிறேன்னு சொல்றியே... இந்த மாதிரி வெள்ளம் இனிமே அடிக்கடி வருமா, வராதா? அத மட்டும் உங்க காலேஜ்ல கேட்டுச் சொல்லு!”

அப்பா இதைக் கேட்டது 2024 டிசம்பர் முதல் வாரத்தில். அப்போது நாங்கள் இருவரும் எங்கள் கரும்புக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தோம். கொல்லை என்று சொல்வது ஒரு பழக்கதோஷம்தான். கண்ணுக்கு எட்டிய வரை ஆற்று மணல். சில இடங்களில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கியது. கரும்பு அத்தனையும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது, யாரோ சீப்பு போட்டு வாரிவிட்ட மாதிரி.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. கடந்ததா... அங்கேயே பாய் போட்டுப் படுத்தது! விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கம் ஊத்தங்கரையிலும் கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். அத்தனையும் தென்பெண்ணையில் இறங்கி எங்களைத் தேடி வந்துவிட்டது.

நான் படிப்பது எம்.எஸ்ஸி. ஜியாலஜி. அதிலும் எனக்குப் பிடித்த சப்ஜெக்ட், கடலடிச் சேற்றை வைத்து அந்தக் காலத்து மழை, வெயிலைக் கண்டுபிடிப்பது. வீட்டில் சொன்னபோது, “இதுக்கா ஃபீஸ் கட்டுறேன்?” என்றார் அப்பா. இப்போது அவரே கேள்வி கேட்கிறார். பதில் சொல்லாமல் விட முடியுமா?

ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து, கொல்லை மணலை அதில் நிரப்பி எடுத்து வைத்தேன். ஆறு மாசம் கழித்து அந்தத் தீப்பெட்டியோடு கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

இந்தப் பக்கம் கரும்பு... அந்தப் பக்கம் பலா!

மேல்பட்டாம்பாக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் நாங்கள்தான். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம். ரெண்டு ஆற்றுக்கும் நடுவில் ஸாண்ட்விச் மாதிரி ஊர். எங்கள் மண்ணில் வெண்டை நட்டாலும் விளையும், வெத்து விரலை நட்டாலும் விளையும் என்று பாட்டி சொல்லும். அந்த மண் எங்கேயிருந்து வந்தது? கர்நாடகா நந்தி மலையில் கிளம்பி, ஓசூர், கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் ஊர் சுற்றிவிட்டு, பெண்ணை கொண்டுவந்து கொட்டினது. கொடுத்ததும் அந்த ஆறுதான், மணலைப் போட்டு மூடினதும் அந்த ஆறுதான்.

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாசஞ்சரில் ஏறினேன். எங்க ஸ்டேஷன் சின்ன ஸ்டேஷன். மீட்டர்கேஜாக இருந்து 2010-ல் அகலப்பாதை ஆன லைன் இது. மேற்கே ஒரு ஸ்டேஷன் போனால் பண்ருட்டி. பலாவும் முந்திரியும் அந்த ஊரின் அடையாளம். கிழக்கே ஒரு ஸ்டேஷன் போனால் நெல்லிக்குப்பம். 1840-களிலேயே சர்க்கரை ஆலை வந்த ஊர். சீசனில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் காலேஜ் அட்டெண்டன்ஸ் போச்சு!

சின்ன வயசிலிருந்து இந்தப் பலாவும் கரும்பும் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் ரெண்டும் ‘வேற வேற ஜாதி’ என்று கிளாஸில்தான் தெரிந்தது. சண்டைக்கு வராதீங்க, நான் சொல்வது கார்பன் ஜாதி!

காற்றில் இருக்கிற கார்பனில் ரெண்டு வகை கலந்திருக்கிறது. லேசான கார்பன்-12, கொஞ்சம் கனமான கார்பன்-13. பலா, முந்திரி, நெல், மற்ற மரங்கள் எல்லாம் கனமான கார்பனை அவ்வளவாகத் தொடாது. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, காட்டுப்புல் இதெல்லாம் அவ்வளவு ஒதுக்காமல் எடுத்துக்கொள்ளும். லேபில் அளந்தால் பலா இலை மைனஸ் 27-க்குப் பக்கத்தில் காட்டும், கரும்புத் தோகை மைனஸ் 12, 13 என்று காட்டும். தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பிடிப்பதும் இதே ட்ரிக்கை வைத்துத்தான்.

இதற்கும் பழங்கால மழைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. வெயிலும் வறட்சியும் அதிகமானால் மரம் குறைந்து, கரும்பு ஜாதிப் புற்கள் பெருகும். ஒவ்வொரு இலையின் மேலும் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. வாழை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளுகிறதே, அந்தப் பூச்சு. இலை மக்கினாலும் மெழுகு சீக்கிரம் மக்காது. மண்ணோடு சேர்ந்து ஆற்றில் இறங்கி, கடலுக்குப் போய், அடியில் படிந்துவிடும். ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து அந்தச் சேற்றை எடுத்து மெழுகைப் பிரித்தால், அந்தக் காலத்தில் கரையில் நின்றது பலா ஜாதியா, கரும்பு ஜாதியா என்று சொல்லிவிடலாம்.

இது வெறும் பாடப்புத்தகக் கதை இல்லை. 2006-ல் எரிவாயு ஐஸைத் தேடி ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ என்ற துளையிடும் கப்பல் இந்தியக் கடலுக்கு வந்தது. அப்போது கோதாவரி முகத்துவாரத்துக்கு வெளியே எடுத்த சேற்றில், கமிலோ பான்டன், லிவியு ஜியோசன் குழுவினர் இலை மெழுகைத் தேடினார்கள். 2012-ல் ரிசல்ட் வந்தது. சுமார் 4,000 வருஷத்துக்கு முன்பிருந்து மத்திய இந்தியாவில் வறட்சி தாங்கும் செடிகள் மெல்ல மெல்லக் கூடியிருக்கின்றன. 1,700 வருஷத்துக்கு முன்பிலிருந்து அந்த வறண்ட நிலைமையே நிலைத்துவிட்டது. தேடிப்போனது கேஸ், கிடைத்தது ஒரு தேசத்தின் மழைக் கணக்கு!

கடலுக்கு அடியில் ஒரு டைரி

திருப்பாதிரிப்புலியூர் தாண்டி, கெடிலம் பாலத்தில் ரயில் தடதடத்தது. தண்ணீர் செம்மண் கலரில் ஓடுகிறது. இந்தக் கலர் எல்லாம் போய்ச் சேருகிற இடம்தான் வங்கக்கடல்.

கடலின் அடி என்பது ஒரு பெரிய குப்பைத்தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கொண்டுவரும் மண், காற்று கொண்டுவரும் தூசு, செத்த பிராணிகளின் ஓடு எல்லாம் மேலிருந்து தூறல் மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். நடுக்கடலில் ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான் சேரும். நம் சுண்டுவிரல் உயரத்துக்குள் ராஜராஜ சோழன் காலம் முதல் இன்று வரை அடங்கிவிடும். ஆறு கலக்கும் கரையோரங்களில் இன்னும் வேகமாகச் சேரும். அதாவது, அங்கே டைரி கொஞ்சம் விரிவாக எழுதப்பட்டிருக்கும்.

அந்த டைரியில் எழுத்து யாருது? ஃபோராமினிஃபெரா என்ற ஒரு குட்டி உயிரினம். செல்லமாக ‘ஃபோராம்’. ஒரே செல், அதைச் சுற்றி சுண்ணாம்பில் ஒரு வீடு. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சேற்றைச் சல்லடையில் போட்டு அலசி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பாப்கார்ன் மாதிரி, நத்தை மாதிரி, ஜிலேபி மாதிரி விதவிதமாக உட்கார்ந்திருக்கும்.

இந்த ஃபோராம் வீடு கட்டும்போது கடல் தண்ணீரிலிருந்துதான் ஆக்சிஜனை எடுக்கிறது. ஆக்சிஜனிலும் லேசானது 16, கனமானது 18. லேசான தண்ணீர்தான் சுலபமாக ஆவியாகும். பனியுகத்தில் அந்த லேசான தண்ணீர் துருவங்களில் பனிக்கட்டியாக மாட்டிக்கொள்ள, கடலில் கனமானது மிச்சமாகும். ஃபோராம் ஓட்டில் அது அப்படியே பதிவாகும். மழை அதிகமானால் தலைகீழ்: ஆறுகள் லேசான தண்ணீரைக் கொண்டுவந்து கடலில் கொட்ட, ஓடும் லேசாகும். ஓட்டில் மக்னீசியம் எவ்வளவு என்று பார்த்தால் தண்ணீரின் சூடும் தெரியும். வயசுக்கு கார்பன்-14. அது சுமார் 50 ஆயிரம் வருஷம் வரை கை கொடுக்கும்.

இந்த விஞ்ஞானத்தின் சூப்பர்ஹிட் கட்டுரை ஒன்று 1976-ல் வந்தது. ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் என்ற மூவர் சேர்ந்து எழுதியது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையும், அதன் சாய்வும், தலையாட்டலும் சுமார் 1 லட்சம், 41 ஆயிரம், 23 ஆயிரம் வருஷக் கணக்கில் மாறுகின்றன. அந்தத் தாளத்தில்தான் பனியுகங்கள் வந்து போயிருக்கின்றன என்று நிரூபித்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய ரெண்டு சேற்றுத் தூண்களும் எங்கே எடுத்தது தெரியுமா? நம்ம இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில்!

கொச்சின்னா எந்தக் கொச்சி?

புதுச்சத்திரம் தாண்டி, பரங்கிப்பேட்டையில் இறங்கினேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்கேதான் வெள்ளாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் பைக்கோடு காத்திருந்தார் அக்கா. அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. பிஎச்.டி. பண்ணுகிற சீனியர். பைக்கில் பின்னால் ஒரு ஆளுயர பி.வி.சி. பைப்பைக் கட்டியிருந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், “ப்ளம்பிங் வேலைக்கா?” என்றுதான் கேட்டார்கள்.

டீ சாப்பிடும்போது வங்கக்கடல் கதையைச் சொன்னார் அக்கா. 2014 நவம்பரில் அதே ஜாய்டஸ் ரெசல்யூஷன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியது. 2015 ஜனவரி வரை ரெண்டு மாசம். இந்த முறை கேஸ் எல்லாம் இல்லை, நம்ம பருவமழைதான் டார்கெட். ஸ்டீவன் கிளெமென்ஸ், வொல்ஃப்காங் குன்ட் என்ற ரெண்டு பேர் தலைமை. ஒடிசாவின் மகாநதி முகத்துவாரத்துக்கு வெளியே, அந்தமான் கடலில், இன்னும் சில இடங்களில் கடல் தரையைத் துளைத்தார்கள்.

“ஒவ்வொரு தடவையும் ஒன்பதரை மீட்டர் நீளத்துக்குச் சேறு மேல வரும். அதை ஒன்றரை மீட்டரா வெட்டி, வாழைத்தண்டு பிளக்கிற மாதிரி நீளவாக்குல ரெண்டாப் பிளப்பாங்க. ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. இன்னொரு பாதிய யாரும் தொடக்கூடாது. பின்னாடி வர்றவங்களுக்கு!” என்றார் அக்கா.

“அந்தப் பாதி எல்லாம் எங்கக்கா இருக்கு?”

“கொச்சில.”

“அட, பக்கம்தானே! ஒரு ட்ரெயின் புடிச்சா...”

“டேய், அது கேரளா கொச்சி இல்லடா. ஜப்பான்ல ஒரு கொச்சி இருக்கு!”

நிஜம்தான். ஜப்பானின் கொச்சி மாநிலத்தில் பெரிய குளிர்சாதனக் கிடங்கு இருக்கிறது. வங்கக்கடலில் எடுத்த சேறும் அங்கேதான் பத்திரமாகத் தூங்குகிறது. கப்பலுக்குத்தான் காலம் முடிந்துவிட்டது. நிதி நீட்டிக்கப்படாததால் 2024-ல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. ஆனால் அது எடுத்து வைத்த சேறு இன்னும் பல பேருக்கு பிஎச்.டி. கொடுக்கும்.

தில்லை எங்கே போச்சு?

கிள்ளை வழியாகப் பிச்சாவரம். ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். படகில் வந்த அதே இடம். இப்போதும் படகுத்துறையில் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் டூரிஸ்ட்களைக் கூப்பிடுகிறார்கள். வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டி, ஒரு துடுப்புப் படகில் ஏறினோம்.

உள்ளே போகப் போக வெளிச்சம் பச்சையாக மாறுகிறது. ரெண்டு பக்கமும் சுரபுன்னையின் வேர்கள் விரல் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரங்களுக்குக் கீழே மூச்சு வேர்கள் பென்சிலை நட்டு வைத்த மாதிரி சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

ஒரு திருப்பத்தில் படகுக்கார அண்ணன் துடுப்பை நிறுத்தி, ஒரு மரத்தைக் காட்டினார். “தம்பி, அந்த மரத்தத் தொட்டுடாத. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும். தில்லை மரம்.”

தில்லை! சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த மரம். நடராஜர் கோயிலின் தல விருட்சம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தில்லை அலையாத்திக் காட்டு மரம். உப்புத் தண்ணீர் வந்து போகும் சேற்றில் வளர்வது. சிதம்பரம் டவுனோ இன்று கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. தில்லைவனம் என்று பேர் வாங்கும் அளவுக்கு அங்கே இந்த மரம் நின்றது என்றால், கழியும் சேறும் அந்தக் காலத்தில் ஊருக்கு இன்னும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு ஊரின் பேரிலேயே பழைய கடற்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது!

பேரை வைத்து ஊகிக்கலாம். நிரூபிக்க மகரந்தம் வேண்டும். ஒவ்வொரு செடியின் மகரந்தத்துக்கும் தனி டிசைன் உண்டு. அதன் வெளித்தோல் அவ்வளவு சீக்கிரம் அழியாது. சேற்றில் எந்த அடுக்கில் எந்த மகரந்தம் என்று எண்ணினால், எந்தக் காலத்தில் இங்கே என்ன காடு நின்றது என்று தெரியும்.

இதற்கு முதலில் இன்றைய காட்டுக்கும் இன்றைய சேற்றில் விழும் மகரந்தத்துக்கும் என்ன கணக்கு என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கை இதே பிச்சாவரத்தில் போட்டவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கராத்தினி, பிளாஸ்கோ, தணிகைமணி. 1973-ல் கட்டுரை வந்தது. கணபதி தணிகைமணி நம்ம சென்னைக்காரர். மகரந்த இயலில் உலகம் மதித்த பெயர். 1986 செப்டம்பர் 5-ம் தேதி கராச்சியில் பான் ஆம் விமானத்தைத் தீவிரவாதிகள் கடத்தியபோது, அதில் பயணம் செய்துகொண்டிருந்த அவரும் கொல்லப்பட்டார். அப்போது வயது 48. விமானக் கடத்தல் பற்றி ‘நீர்ஜா’ என்று இந்திப் படமே வந்துவிட்டது. அதே விமானத்தில் பிச்சாவரம் சேற்றைப் படித்த ஒரு தமிழர் இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பைப்பும் அழுகின முட்டையும்

தண்ணீர் வடிந்த ஒரு திட்டில் இறங்கினோம். இறங்கினோம் என்பதைவிட, புதைந்தோம். செருப்பு உள்ளேயே போய்விட்டது. வருங்கால விஞ்ஞானி யாராவது 5,000 வருஷம் கழித்து அதைக் கண்டெடுக்கட்டும்.

வேலை ரொம்ப சிம்பிள். பைப்பை நிமிர்த்திப் பிடித்து, மேலே ஒரு கட்டையை வைத்து, சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். போதுமான ஆழம் போனதும் மேல் வாயைக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். கூல்டிரிங்க் ஸ்ட்ராவில் விரலை வைத்து மூடித் தூக்கினால் உள்ளே இருப்பது விழாது இல்லையா, அதே டெக்னிக். பிறகு மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். இந்தக் கடைசி வரி மட்டும் சிம்பிள் இல்லை. அண்ணன் உதவிக்கு வரவில்லை என்றால் பைப்போடு நாங்களும் அங்கேயே படிந்திருப்போம்!

கரைக்கு வந்து பிளந்து பார்த்தோம். குப்பென்று அழுகின முட்டை நாற்றம். காற்று போகாத சேற்றில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. “இந்த நாத்தம் வந்தா சந்தோஷப்படணும். ஆக்சிஜன் போகலன்னு அர்த்தம். மகரந்தம் எல்லாம் பத்திரமா இருக்கும்” என்றார் அக்கா. கறுப்புச் சேறு, பழுப்பு வேர்த் துண்டுகள், மறுபடியும் கறுப்பு. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் விரல் தடிமனுக்கு வெளிர் மணல்.

“சுனாமியா அக்கா?” என்று கத்திவிட்டேன். 2004 டிசம்பர் 26 கடலூர் மாவட்டக்காரர்கள் யாரும் மறக்க முடியாத நாள். 600-க்கும் மேற்பட்ட உயிர்கள். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் வீட்டில் அந்தப் பேச்சு வரும்.

அக்கா சிரிக்கவில்லை. “பாத்த உடனே பேர் வைக்கக்கூடாது. சுனாமியா இருக்கலாம். 2011 தானே புயலா இருக்கலாம். ஆத்து வெள்ளமாவும் இருக்கலாம். கடல் மணல்னா கடல் ஃபோராம் ஓடு இருக்கும். ஆத்து மணல்னா இருக்காது. அப்புறம் வயசு பாக்கணும். அதுவரைக்கும் இது வெறும் மணல்.”

அப்போதுதான் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே எங்கள் கொல்லை மணலை வைத்தோம். கண்ணாடித் துண்டு மாதிரி குவார்ட்ஸ். மினுக்கும் மைக்கா. ஓடு ஒன்றுகூட இல்லை. சுத்தமான பெண்ணை ஆற்றுச் சரக்கு. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எங்கள் கஷ்டத்தை லென்ஸ் வழியாகப் பார்த்தபோது என்னமோ செய்தது. அவ்வளவு அழகாக இருந்தது அந்த மணல்.

மீனுக்கும் இதில் பங்கு உண்டு

“விவசாயி மட்டும்தான் மழையப் பத்திக் கவலைப்படணும்னு நினைக்காத” என்று லேப்பிலேயே இன்னொரு கதை சொன்னார் அக்கா. உலகக் கடல் பரப்பில் வங்கக்கடல் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் உலக மீன் உற்பத்தியில் 8 சதவீதத்துக்குப் பக்கத்தில் தருகிறது. கடலூர், பரங்கிப்பேட்டை துறைமுகங்களில் விடிகாலையில் நடக்கும் ஏலமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

2025 ஏப்ரலில் கௌஸ்துப் திருமலை குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடந்த 22 ஆயிரம் வருஷ ஃபோராம் ஓடுகளைப் படித்ததில் ஒரு அதிர்ச்சி. சுமார் 17,500 முதல் 15,500 வருஷம் முன்பு வரை மழை ரொம்பப் பலவீனம். அப்போது கடலில் உயிரினங்களுக்கு உணவு குறைந்திருக்கிறது. சுமார் 10,500 முதல் 9,500 வருஷம் முன்பு வரை மழை ரொம்ப பலம். அப்போதும் குறைந்திருக்கிறது! ஏன்? மழை அதிகமானால் ஆற்று நீர் கடலின் மேல் மூடி போட்ட மாதிரி பரவி நிற்கும். அடியில் இருக்கும் சத்து மேலே வராது. மழை குறைந்தாலும் கலக்கிவிடக் காற்று போதாது. ஆக, அதிகமும் ஆபத்து, குறைவும் ஆபத்து. அளவோடு இருந்தால்தான் குழம்பில் மீன்.

அப்பாவுக்கு என்ன பதில்?

இப்போது மெயின் கேள்வி. வெள்ளம் அடிக்கடி வருமா?

மகாநதிச் சேற்றை வைத்து கிளெமென்ஸ் குழுவினர் 2021-ல் 9 லட்சம் வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். காற்றில் கரியமில வாயு கூடிய காலங்களைத் தொடர்ந்து, தெற்காசியாவில் மழையும் கூடியிருக்கிறது. பனிக்கட்டி உருகிய காலங்களிலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் மாடல்கள் எதிர்காலத்துக்குச் சொல்வதும் பழைய சேறு சொல்வதும் ஒத்துப்போகிறது. பனியுகங்களில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பங்கு. நடுவில் வந்த வெதுவெதுப்பான காலங்களில் 280. இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சேற்றுத் தூண் முழுக்கத் தேடினாலும் இன்றைய நிலைமைக்கு ஜோடி கிடையாது.

ஆனால் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. மகாநதிச் சேறு சொல்வது தென்மேற்குப் பருவமழையை. எங்கள் கொல்லையை மூழ்கடித்தது வடகிழக்குப் பருவமழையும் புயலும். நம்ம மழைக்கான டைரியைக் கடலிலிருந்து எடுத்துப் படித்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. ஸோ, அதை அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது. ஒன்று மட்டும் இயற்பியல் கணக்கு: காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுவதற்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பி, இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அப்ப, வருஷா வருஷம் வரும்னும் சொல்ல மாட்ட, வராதுன்னும் சொல்ல மாட்ட. வந்தா பெருசா வரும்ங்கற. அதானே?” என்றார்.

அதேதான். ரெண்டு நாள் அலைந்து, செருப்பைத் தொலைத்து, நான் கொண்டுவந்த பதிலை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சாயங்காலம் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். மணலை வாரிக் கொட்டின பிறகு, வரப்போரம் புதுசாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். அதன் சுவரைக் காட்டினார். மேலே 2024-ன் வெளிர் மணல். அதற்குக் கீழே நல்ல கறுப்பு வண்டல். கையை முழுசாக விட்டால் எட்டும் ஆழத்தில் மறுபடியும் ஒரு மணல் கோடு, பிறகு வண்டல், பிறகு இன்னொரு கோடு.

“எங்கப்பா ஒரு வெள்ளத்தப் பத்திச் சொல்லுவாரு. ஏதோ பெருசுங்க அளக்குதுன்னு நெனச்சேன். இதுல எது அதுன்னு உங்க அக்காவ வந்து பாக்கச் சொல்லு” என்றார். அப்புறம் மேட்டுப் பக்கம் கை நீட்டி, “கிணத்து மோட்டாரு கொட்டாய அங்க மாத்திடலாம்னு இருக்கேன். கரும்பு போனா மறுபடி நட்டுக்கலாம்” என்றார்.

சேறு படிப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

கிளம்பறீங்களா?

விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சரில் ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள். பண்ருட்டியில் பலாச்சுளை வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுப் பாலம் வரும்போது செல்போனைப் பையில் வைத்துவிட்டு வெளியே பாருங்கள். கிள்ளையிலோ சிதம்பரத்திலோ இறங்கினால் பிச்சாவரத்துக்குப் போக வண்டி கிடைக்கும். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த காடு இது. அதனால் பிளாஸ்டிக் பாட்டிலைத் தண்ணீரில் வீசாதீர்கள். அதுவும் படியும், அதையும் ஒருநாள் யாராவது படிப்பார்கள். தில்லை மரத்தைத் தூரத்திலிருந்து கும்பிட்டால் போதும். பழைய செருப்பு போட்டுப் போவது உத்தமம்!